165 என்று டப்பாவில் போட்டிருந்தது

போன ஞாயிறு ராத்திரி பதினொன்றரை மணி. மானிட்டரை போனில் ஸ்லோ மோஷனாக எடுத்த வீடியோவை விஎல்சி ப்ளேயரில் போட்டு, ஒரு தட்டலுக்கு ஒரு படம் நகர்த்தும் 'E' பொத்தானை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு தட்டலில் திரையிலிருந்த படம் பதினொரு தடவை நகர்ந்தது. நம்பிக்கை வராமல் வேறொரு இடத்திலிருந்து எண்ணினேன். அங்கேயும் பதினொன்றுதான். ஐந்து மாதம், இரண்டு மானிட்டர், மூன்று கேபிள், ஒரு ரேம் என்று இழுத்துக்கொண்டே போன வேலை, 165 ஹெர்ட்ஸ் மானிட்டரை நிஜமாகவே 165-ல் ஓடவைக்கும் வேலை, அந்தப் பதினொன்றில் முடிந்தது.

அது என்ன கணக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் போன் ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 240 படம் எடுக்கும். மானிட்டர் 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 தடவை மாறும் வேகத்தில் ஓடினால், கேமரா எடுக்கும் நான்கு படத்துக்கு ஒரு தடவைதான் திரை மாறும். அதாவது பதினாறில் நான்கு. 120 என்றால் பதினாறில் எட்டு. 165 என்றால் பதினொன்று, மிச்சமில்லாமல் வகுபடும். திரை மேலிருந்து கீழாக மாறுவதால் சில படங்களில் பழையதும் புதியதும் பாதிப்பாதியாகத் தெரியும். திரையின் நடுவில் ஒரே இடத்தை மட்டும் பார்த்து எண்ணினால் குழப்பமில்லை. இந்த எண்ணிக்கையை அக்டோபரில், முதல் நாளே செய்திருந்தால் எனக்கு நாலாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருக்கும்.

அதுவரை என்னிடம் இருந்தது 2017-ல் வாங்கிய 21.5 அங்குல ஆபீஸ் மானிட்டர், 60 ஹெர்ட்ஸ். கணினி ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ரேம் ஒன்றே ஒன்று. கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் பழைய பதிப்பான சிஎஸ்கோவுக்கு அது தாராளம். 2023 செப்டம்பர் 27-ல் கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தது. அதே கணினி திணற ஆரம்பித்தது. நான் பழியைத் தூக்கி மானிட்டர் மேல் போட்டேன்.

போட்டதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தேன். எங்கள் வீடு பெரம்பூரில். விளையாட்டைத் தயாரித்த வால்வின் சர்வர் சென்னையிலேயே இருக்கிறது. எனக்கு பிங், அதாவது சர்வர் வரை போய்த் திரும்பும் நேரம், 6, 7 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை 16.67 மில்லிசெகண்ட் பிடித்து வைத்திருக்கும். என் மவுஸ் க்ளிக் சர்வர் வரை போய்த் திரும்பி வந்துவிடும், திரை இன்னும் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். இதை யோசித்த ராத்திரியே பண்டிகைத் தள்ளுபடியில் ஒரு மானிட்டரை ஆர்டர் செய்தேன். 27 அங்குலம், வளைந்த விஏ பேனல், ஃபுல் ஹெச்டி, 165 ஹெர்ட்ஸ், 13,499 ரூபாய். விஏ வகைப் பேனல் என்றால் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான். படித்ததில் பாதி அது.

வந்ததும் கூடவே வந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் செருகினேன், படம் வந்தது, விளையாட உட்கார்ந்துவிட்டேன். ஆகா, என்ன வழுக்கல் என்று நானே சொல்லிக்கொண்டேன். எட்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் சித்தி பையன் லீவுக்கு வந்தான். பதினேழு வயது, அவன் ஏரியாவில் உள்ள கேமிங் சென்டரில் 144 ஹெர்ட்ஸில் ஆடிப் பழகியவன். உட்கார்ந்து மவுஸை ரெண்டு சுற்றுச் சுற்றினான்.

"அண்ணா, இது 60 மாதிரியே இருக்கே."

"போடா, 165."

"டப்பால போட்டிருக்கும்ணா. விண்டோஸ்ல வச்சீங்களா?"

வைக்கவில்லை. விண்டோஸ் புது மானிட்டரைப் பார்த்ததும் தானாக மேலே ஏறும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய்ப் பார்த்தால் 60 என்று அமைதியாக உட்கார்ந்திருந்தது. பட்டியலைத் திறந்து 165-ஐத் தேர்ந்தெடுத்தேன். டெஸ்க்டாப்பில் மவுஸ் அம்பு நகர்ந்த விதமே வேறு மாதிரி ஆகிவிட்டது. எட்டு நாள் நான் பார்த்த வழுக்கல் பதிமூன்றாயிரம் ரூபாயின் வழுக்கல் மட்டுமே.

போனில் படமெடுத்து எண்ணும் யோசனையும் அவனுடையதுதான். ப்ளர் பஸ்டர்ஸ் தளத்தில் யூஎஃப்ஓ சோதனை என்று ஒரு பக்கம் உண்டு. பறக்கும் தட்டு ஒன்று திரையில் பக்கவாட்டாக ஓடும், அதை எடுத்தால் எண்ணச் சுலபம். எடுத்தோம், பதினொன்று வந்தது. சரி, விளையாட்டுக்குள்ளும் எடுத்துப் பார்ப்போம் என்று, சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில் நடந்துகொண்டே எடுத்தான். எட்டு. சண்டை நடக்கும் இடத்தில் ஐந்து, ஆறு.

மானிட்டர் 165 தடவை மாறத் தயாராக இருக்கிறது, கணினி அத்தனை படம் கொடுக்கவில்லை. விளையாட்டிலேயே விநாடிக்கு எத்தனை படம் என்ற ஃப்ரேம் எண்ணைக் காட்டும் வசதியைப் போட்டால் சராசரி 118. புகைக்குண்டு ரெண்டு வெடித்தால் 70-க்குக் கீழே. கிராஃபிக்ஸ் அமைப்பைக் குறைத்துப் பார்த்தேன், தெளிவைக் குறைத்து 1280-க்கு 960-ல் வைத்துப் பார்த்தேன். 118 என்பது 121 ஆனது. கிராஃபிக்ஸ் கார்டு மேல் குற்றமில்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்கு அடுத்த நாள்தான் புரிந்தது. கார்டு 55 சதவீத வேலைதான் செய்துகொண்டிருந்தது.

ரேம் ஒன்றே ஒன்று இருந்தால் ப்ராசஸரும் ரேமும் ஒரே வழியில்தான் பேசிக்கொள்ளும். ரெண்டு போட்டால் ரெண்டு வழி. அவ்வளவு தெரிந்தால் போதும். 8 ஜிபி, 3200 வேகம், 1,750 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்து, பழைய ரேமுக்குப் பக்கத்திலேயே காலியாக இருந்த ஸ்லாட்டில் அழுத்தினேன். 'க்ளிக்' சத்தம் கேட்டது. 16 ஜிபி என்று விண்டோஸ் காட்டியது. விளையாட்டில் சராசரி 119.

ஒரு சாயங்காலம் முழுக்க டிரைவர் மாற்றுவது, பின்னணியில் ஓடுவதை நிறுத்துவது என்று வீணாக்கினேன். கடைசியில் சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால் 'சிங்கிள்' என்று இருந்தது. மதர்போர்டு கையேட்டை எடுத்துப் பார்த்தேன். நான்கு ஸ்லாட்டில் ப்ராசஸரை ஒட்டிய முதல் ரெண்டும் ஒரு வழி, அடுத்த ரெண்டும் இன்னொரு வழி. நான் ரெண்டையும் ஒரே வழியில் செருகி வைத்திருந்தேன். ஒன்றைப் பிடுங்கி இரண்டாவது, நான்காவது ஸ்லாட் என்று மாற்றிப் போட்டேன். சராசரி 158. மானிட்டருக்குப் பதிமூன்றாயிரம் கொடுத்தும் வராதது, ரேம் வேறு ஸ்லாட்டில் உட்கார்ந்ததும் வந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி வசதியைப் போட்டு 3200-க்கு ஏற்றப் பார்த்தேன். பழைய ரேம் 2666, ரெண்டும் வேறு வேறு கம்பெனி. கணினி மூன்று தடவை எழுந்து எழுந்து படுத்துவிட்டு, பழையபடி 2666-லேயே வந்து நின்றது. கையால் 2933 கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. ஒரு ராத்திரி முழுக்க மெமரி சோதனை ஓடவிட்டேன், பிழை ஒன்றும் இல்லை. சராசரி 166, புகைக்குள் 110-க்குக் கீழே போவதில்லை. இனி மானிட்டரின் 165-க்கு ஓரளவு தீனி கிடைக்கும்.

கிடைத்ததும்தான் அந்த மானிட்டரின் இன்னொரு முகம் தெரிந்தது. டஸ்ட் 2-இல் சுரங்கத்துக்குள் நிற்கிறேன். எதிரி இருட்டுச் சுவருக்கு முன்னால் குறுக்கே ஓடுகிறான். அவன் தலைக்குப் பின்னால் கரி பூசின விரலை இழுத்த மாதிரி ஒரு தீற்றல். நின்ற பிறகுதான் உருவம் தெளிகிறது. வெயிலடிக்கும் இடங்களில் இந்தக் கோளாறு இல்லவே இல்லை. விஏ பேனலின் குணம் இது. கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு மாற அது எடுத்துக்கொள்ளும் நேரம் மற்ற மாற்றங்களைவிட அதிகம். டப்பாவில் '1 மில்லிசெகண்ட்' என்று போட்டிருந்தது பின்னொளியை அணைத்து அணைத்து எரியவிட்டு அளக்கிற எம்பிஆர்டி கணக்கு. பேனல் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும் நேரம் அது இல்லை. அந்த எம்பிஆர்டியைப் போட்டும் பார்த்தேன். அசைவு கூராகத் தெரிந்தது, திரையின் வெளிச்சம் பாதியாகிவிட்டது. மாடிப்படியில் வந்த அம்மா, "இருட்டுல உக்காந்து என்னத்தடா பாக்குற" என்று லைட்டைப் போட்டுவிட்டுப் போனார்.

அளவும் சரியாக அமையவில்லை. என் மேஜை ஆழம் 60 செ.மீ. மானிட்டரின் அடிக்கால் அதில் 24-ஐ எடுத்துக்கொண்டது. கண்ணுக்கும் திரைக்கும் 50 செ.மீ. கூட இல்லை. 27 அங்குலத் திரையின் அகலம் கிட்டத்தட்ட 60 செ.மீ. இடது மேல் மூலையில் வரைபடம், வலது கீழ் மூலையில் ஆயுதப் பட்டியல். ரெண்டையும் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த அளவில் ஃபுல் ஹெச்டி என்றால் அங்குலத்துக்கு 82 புள்ளிதான், தூரத்துத் தலை கட்டம் கட்டமாகத் தெரியும். பெரிய சிஎஸ் போட்டி மேடைகளில் ஏன் 24.5 அங்குலம் வைக்கிறார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. சிக்கனம் என்று நினைத்திருந்தேன்.

மாற்றிக்கொள்ளும் கெடு முடிந்து வெகு நாளாகியிருந்தது. முடியாவிட்டாலும் பழுது என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. படம் பார்க்கத் தேடிக்கொண்டிருந்த ஒருவருக்கு 9,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். படத்துக்கு அது அருமையான திரை, அவர் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

இந்தத் தடவை கடையில் நேரில் பார்த்துத்தான் வாங்குவது என்று, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். பென் டிரைவில் ஐந்து படம்: முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம். முதல் கடையில் எட்டு மானிட்டர் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன, எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே மீன். பின்னால் எட்டிப் பார்த்தேன். ஒரே கணினியிலிருந்து ஸ்ப்ளிட்டர் வழியாக எட்டுக்கும் ஹெச்டிஎம்ஐ. "எத்தனை ஹெர்ட்ஸ்ல ஓடுதுங்க?" என்று கேட்டேன். "எல்லாம் 180, 165 சார்" என்றார். போனில் எடுத்து எண்ணிக் காட்டினேன். நான்கு. கடைக்காரர் கோபப்படவில்லை, ஆர்வமாகப் பார்த்தார். "இது நல்லாருக்கே, எப்படி எடுத்தீங்க?" என்று அவர் போனில் தேட ஆரம்பித்துவிட்டார். கடையில் பார்த்து அசைவைத் தீர்மானிக்க முடியாது என்பது தெரிந்ததும் நிறம், டெட் பிக்சல் எனப்படும் பழுதான புள்ளி, அடிக்கால் உறுதி, பின்பக்கத் துளை என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதை மட்டும் பார்த்தேன்.

240 ஹெர்ட்ஸ் வேண்டாமா என்று அவர் விடாமல் கேட்டார். ஆறாயிரம் ரூபாய் கூடுதல். 60-லிருந்து 165-க்குப் போனால் ஒரு படத்துக்கு 10.6 மில்லிசெகண்ட் குறையும். 165-லிருந்து 240-க்குப் போனால் 1.9 குறையும். ஆசை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் கணினி கொடுப்பதே 166 படம். ஆறாயிரத்தை மானிட்டரில் போட்டால் அதற்குச் சோறு போட இன்னொரு பதினைந்தாயிரம் ப்ராசஸருக்குத் தேட வேண்டும்.

24.5 அங்குலம், ஐபிஎஸ் என்ற வேறு வகைப் பேனல், 165 ஹெர்ட்ஸ், 11,600 ரூபாய் என்று முடிவானது. "சீல் உடைச்சா வாங்கியே ஆகணும் சார்" என்றார். பில் போட்டுப் பிரிப்போம், புள்ளி இருந்தால் இங்கேயே வேறு பெட்டி என்று பேசிக்கொண்டோம். நல்லவேளை பேசினேன். முதல் பெட்டியில் கறுப்புப் படம் போட்டதும் இடது கீழே ஒரு சிவப்புப் புள்ளி, கடுகில் பாதி, விடாமல் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் திரையில் அது கண்ணுக்கே படவில்லை. இரண்டாவது பெட்டி சுத்தம். ஓரங்களில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது, ஐபிஎஸ் வாங்கினால் அதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். ஆட்டோவுக்கு 220 கொடுத்து, பெட்டியை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

பெட்டிக்குள் ஹெச்டிஎம்ஐ கேபிள் மட்டும்தான் இருந்தது. செருகினேன். இந்தத் தடவை ஏமாறவில்லை, நேராக விண்டோஸ் பட்டியலுக்குப் போனேன். 120-க்கு மேல் எதுவும் இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை: ஹெச்டிஎம்ஐ வழியாக அதிகபட்சம் 120, டிஸ்ப்ளேபோர்ட் வழியாக 165. எண்ணிப் பார்த்தேன், எட்டு. முதல் மானிட்டரோடு நல்ல டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. தெருமுனை மொபைல் கடையில் 250 ரூபாய்க்கு ஒன்று தொங்கியது. வாங்கி வந்து செருகினேன், 165 வந்தது, எண்ணினேன், பதினொன்று. ராத்திரி நிம்மதியாக ஷட்டவுன் செய்தேன்.

செய்த பிறகும் கேபினட்டுக்குள் மினுக்கென்று ஒரு வெளிச்சம். கிராஃபிக்ஸ் கார்டின் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பரவாயில்லை என்று தூங்கிவிட்டேன். காலையில் பவர் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை. ரெண்டு மாதம் முன்பு கலந்து போட்ட ரேம்தான் வேலையைக் காட்டுகிறது என்று அதைக் கழற்றினேன், துடைத்தேன், மாற்றிப் போட்டேன். அப்படிக் கழற்றும்போது வசதிக்காகப் பின்னாலுள்ள கேபிள்களைப் பிடுங்குவேன், கணினி எழுந்துவிடும். ரேமைத் துடைத்ததால் எழுந்தது என்று நினைப்பேன். மறுநாள் காலை மறுபடி அதே கதை. மூன்றாம் நாள் சோம்பலாக இருந்ததால் ரேமைத் தொடாமல் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மட்டும் பிடுங்கினேன். எழுந்துவிட்டது.

டிஸ்ப்ளேபோர்ட்டில் இருபது முள். இருபதாவது முள் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. கேபிளின் ரெண்டு முனைக்கும் நடுவே அந்த முள்ளை இணைக்கக் கூடாது என்பது விதி. மட்டமான கேபிள்களில் இருபதையும் இணைத்துவிடுகிறார்கள். கணினியை அணைத்தாலும் மானிட்டர் அணையாமல் நிற்குமில்லையா, அங்கிருந்து மின்சாரம் பின்வாசல் வழியாக கிராஃபிக்ஸ் கார்டுக்குள் வரும். கார்டு பாதித் தூக்கத்தில் கிடக்கும்.

இதைப் படித்ததும் கேபிளைத் தூக்கிப் போட்டிருக்கலாம். எனக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஆபீஸிலிருந்து ஒரு நல்ல கேபிளை இரவல் வாங்கி வந்தேன். மல்டிமீட்டரின் முனை அந்தச் சின்ன வாய்க்குள் நுழையாது. அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து ரெண்டு ஊசி எடுத்து, மீட்டரின் ரெண்டு முனையிலும் மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி, மேலே டேப் ஒட்டினேன். மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ரெண்டு முனையிலும் கீழ்வரிசைக் கடைசி முள்ளைத் தொட்டேன். பீப். பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். நியாயத்துக்கு நல்ல கேபிளையும் தொட்டேன். அதுவும் பீப்.

கால் மணி நேரம் படத்தையும் கேபிளையும் மாறி மாறிப் பார்த்த பிறகு தெரிந்தது, நான் வரிசையைத் தலைகீழாக எண்ணியிருக்கிறேன். நான் தொட்டது ரெண்டாவது முள். அது எர்த், எந்த கேபிளிலும் பீப் அடிக்கும். படத்தை அச்செடுத்து, இருபதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, கேபிளின் சரிந்த மூலையைப் படத்தோடு பொருத்தி வைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன். நல்ல கேபிள் மௌனம். 250 ரூபாய் கேபிள் பீப். அன்று சாயங்காலமே, டிஸ்ப்ளேபோர்ட் விதிகளை வகுக்கும் வெசா அமைப்பின் சான்று உள்ளதாக ஒன்றை 890 ரூபாய்க்கு ஆர்டர் செய்தேன். வந்ததும் அதையும் ஊசியால் தொட்டுப் பார்த்த பிறகுதான் செருகினேன். அணைத்தால் இப்போது உள்ளே கும்மிருட்டு.

அடுத்தது ஓவர்டிரைவ், பிக்சல் நிறம் மாறுவதை விரட்டும் வசதி. மானிட்டர் மெனுவில் நான்கு நிலை: ஆஃப், நார்மல், ஃபாஸ்ட், ஃபாஸ்டெஸ்ட். பெயரைப் பார்த்தால் யாரும் கடைசியைத்தான் வைப்பார்கள், நானும் வைத்தேன். யூஎஃப்ஓ பக்கத்தில் தட்டு விநாடிக்கு 960 பிக்சல் வேகத்தில் ஓடும்போது அதற்குப் பின்னால் வெளிறிய ஒரு இரட்டைத் தட்டு, நெகட்டிவ் பிலிம் மாதிரி. பிக்சலை அளவுக்கு மேல் விரட்டினால் அது போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிறது. ஆஃபில் வைத்தால் சாதாரண வால் நீளம். நார்மலில் வால் பாதி. ஃபாஸ்டில் வால் அநேகமாக இல்லை, வெளிறல் உற்றுப் பார்த்தால் ஒரு கோடு. அங்கேயே விட்டுவிட்டேன்.

அடாப்டிவ் சிங்க் பற்றி ஒரு வார்த்தை. கணினி படம் கொடுக்கும் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரும் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது அது. 2019 ஜனவரியிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியான என்விடியா, ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதல் வந்த கார்டுகளில், ஃப்ரீசிங்க் என்ற பெயரில் அதைச் செய்யும் மானிட்டர்களையும் அனுமதிக்கிறது, என்னுடையதுபோன்ற மானிட்டர் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மட்டும். போட்டியாளர்கள் பலர் அதை அணைத்து வைத்து, ஃப்ரேமை வரம்பில்லாமல் ஓடவிடுவார்கள். என் கணினி 110-க்கும் 200-க்கும் நடுவே ஏறி இறங்குவது. அணைத்தால் சண்டையின் நடுவில் படம் குறுக்கே கிழிகிறது, கிழிவது சரியாகக் குறி வைக்கும் உயரத்தில். போட்டு வைத்து, ஃப்ரேமை 160-க்குக் கட்டினேன். தாமதம் கூடியிருந்தால் என் விரலுக்குத் தெரியவில்லை. 160-ல் எண்ணினால் பதினாறில் பத்தோ பதினொன்றோ வரும்.

மேஜைப் பிரச்சினை பாக்கி இருந்தது. 24.5 அங்குல மானிட்டருக்கும் அடிக்கால் 20 செ.மீ. வருகிறது, கீபோர்டைச் சாய்த்து வைத்தால் இடிக்கிறது. நான் மவுஸைக் கை முழுக்க இழுத்து ஆடுபவன். மேஜை விளிம்பைக் கவ்வி மானிட்டரைத் தாங்கும் மானிட்டர் ஆர்ம் 1,850 ரூபாய். பின்பக்கத் துளை 100-க்கு 100 மி.மீ., எம்4 திருகு. ஆர்மோடு வந்த திருகு 10 மி.மீ. நீளம், என் மானிட்டரின் துளையோ பள்ளத்துக்குள் இருந்தது. மரை பிடிக்கவே இல்லை. ஹார்டுவேர் கடையில் 16 மி.மீ. திருகு நான்கு, பள்ளத்தை நிரப்ப வாஷர் பன்னிரண்டு, மொத்தம் 30 ரூபாய். நீளத் திருகை வாஷர் இல்லாமல் முடுக்காதீர்கள், உள்ளே பேனல் பக்கம் குத்திவிடும்.

மேஜைப் பலகை 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. கிளாம்பை முடுக்கியதும் அடியில் நொறநொறவென்று ஒரு சத்தம், கழற்றினால் எட்டணா அளவுக்குக் குழி. பழைய அலமாரிக் கதவிலிருந்து ப்ளைவுட் துண்டு அறுத்து, 15 செ.மீ. சதுரம், மேலே ஒன்று கீழே ஒன்று வைத்து முடுக்கினேன். மூன்று வாரமாக அசையவில்லை. கண்ணுக்கும் திரைக்கும் இப்போது 58 செ.மீ., டேப் வைத்து அளந்தது. இந்தத் தூரத்தில் வரைபட மூலைக்குக் கண் மட்டும் போகிறது, தலை போவதில்லை.

செலவு: முதல் மானிட்டரில் நட்டம் 4,499. ரேம் 1,750. இரண்டாவது மானிட்டர் 11,600. கேபிள்கள் 250-ம் 890-ம். ஆர்ம் 1,850. ஆட்டோ 220. திருகு, வாஷர் 30. ஆக மொத்தம் 21,089 ரூபாய். நேர்வழியில் போயிருந்தால் 16,340. வீணான 4,749-ஐ இரண்டாவது மானிட்டரோடு சேர்த்திருந்தால் 240 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் வந்திருப்பேன் என்று ரிச்சி தெருக்காரரிடம் சொல்லவில்லை, சொன்னால் மறுபடி ஆரம்பிப்பார். ரேட்டிங் எவ்வளவு ஏறியது என்று சித்தி பையன் கேட்டான். இருட்டில் ஓடுபவனை இப்போது பார்க்கிறேன், அப்புறமும் தவறவிடுகிறேன். பழி போட இனி மானிட்டர் கிடையாது.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் இருக்கிற 60 ஹெர்ட்ஸ் திரையிலேயே விளையாட்டின் ஃப்ரேம் எண்ணை ஒரு வாரம் குறித்துவைப்பேன், முதல் செலவை ரேமில் செய்வேன். மானிட்டரின் கையேட்டைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி, எந்தத் துளையில் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற அட்டவணையை வாங்கும் முன்பே பார்ப்பேன். மேஜையின் ஆழத்தை அளந்துவிட்டுத்தான் அங்குலத்தைப் பற்றிப் பேசுவேன். விஏ பேனலை வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். சுரங்கத்தில் நிற்பவருக்கு வேண்டாம்.

பாக்கி வேலை ஒன்று இருக்கிறது: பயாஸைப் புதுப்பித்தால் ரேம் 3200-ஐ ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறிப்போய் யாரும் செருகிவிடக் கூடாது என்று அந்த 250 ரூபாய் கேபிளின் ரெண்டு முனையையும் வெட்டி எறிந்துவிட்டேன். நடுத்துண்டை அம்மா எடுத்துக்கொண்டார். கொசுவலையின் நான்காவது மூலை இப்போது அதில்தான் தொங்குகிறது.